இறந்தவருக்கு எழுதிய மாத்திரை

கடையில் அவளுக்குப் பெயர் சர்ட்டிபிகேட்டக்கா. மருந்துக்கடை நடத்த வேண்டுமானால் மருந்தாளுநர் படிப்புப் படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். அவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்க வேண்டும். முதலாளியோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஆகவே கடை அவருடையது, சுவர் அவருடையது, சுவரில் தொங்கும் தாள் மட்டும் அவளுடையது.

"ஏம்மா, நீ வராட்டிக்கூடப் பரவாயில்ல. உன் சர்ட்டிபிகேட்டு வந்தாப் போதும்" என்று சேர வந்த அன்றே முதலாளி சொன்னார். பல கடைகளில் நடப்பதுதான். தாள் ஒரு கடையில் தொங்கும், ஆள் வேறெங்கோ பிழைப்புப் பார்ப்பார். அவள் அதற்கு ஒப்பவில்லை.

"தாள் எங்க இருக்கோ அங்கதான் நானும் இருப்பேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷம் இருந்தாள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையின் மேல் சூரியனும் பிறைநிலாவும் வரைந்து கொடுப்பாள். சாப்பாட்டுக்குப் பின் என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. சாப்பாட்டுக்கு முன் என்றால் அதே தட்டு கவிழ்ந்திருக்கும். மதியம் கூட்டம் ஓய்ந்ததும், புதிதாக வந்த பெட்டியைப் பிரித்து, உள்ளே எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படிப்பாள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். எறும்பும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்து. ஆளைக் கொல்லக்கூடிய செய்தியை அவ்வளவு பொடியாகவும் மாத்திரையின் பெயரை அவ்வளவு பெரிதாகவும் ஏன் அச்சடிக்கிறார்கள் என்று கேட்டால் முதலாளி சிரிப்பார். "நீ ஒருத்தி படிக்கிறேன்னுதாம்மா அதையும் அச்சடிக்கிறான்."

கடைக்கு மேல் மாடியில் டாக்டர். டாக்டரைப் பார்க்க வாரா வாரம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் வருவார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் டை இறுகிக் கிடக்கும், ஆகவே டைக்காரர். மாடிக்குப் போனால் ஐந்து நிமிஷம், கீழே கடைக்கு வந்தால் அரை மணி நேரம். காரணம் எளிது. மாடியில் எழுதுவது கீழேதான் விற்கும். கம்பெனி மாத்திரையையே எழுதுவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று டாக்டரிடமே கேட்பது மரியாதையில்லை. கடையில் சீட்டுகளை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். டைக்காரர் ஒரு சின்ன நோட்டில் சீட்டுக்கு ஒரு கோடு போடுவார். கோடுகள் போதிய அளவு சேர்ந்தால் டாக்டர் குடும்பத்தோடு வெளிநாட்டில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போவார். போன தடவை மாநாடு பனிமலையில் நடந்தது. டாக்டரின் மகள் இரண்டு கையிலும் பனியை அள்ளிக்கொண்டு சிரிக்கும் படம் மாடி அறையில் இருந்தது. மருத்துவத்தைப் பனிச்சறுக்குப் பலகையில் நின்றுகொண்டு விவாதித்தார்கள் போலும்.

அந்தக் கம்பெனியின் மூட்டுவலி மாத்திரைக்குக் கடையில் வைத்த பெயர் 'விமானம்'.

"ஏம்மா, விமானம் எத்தனை பெட்டி இருக்கு?"

"நாலு இருக்கு. மாசக் கடைசி வருது, பத்தாது."

கம்பெனிக் கணக்கு முடிகிற மாதக் கடைசி வாரத்தில் ஊருக்கே மூட்டுவலி வந்துவிடும். சளிக்கு வந்தவருக்கும் மூட்டு, கண் எரிச்சலுக்கு வந்தவருக்கும் மூட்டு. முதல் தேதி பிறந்ததும் ஊர் குணமாகிவிடும். இப்படிக் காலண்டர் பார்த்து வந்துபோகிற வியாதியை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை.

சிரித்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்தில் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பிறகு ரப்பர் முத்திரை வந்தது. ஒரே மாத்திரையை எழுதி எழுதி டாக்டருக்குக் கைவலி. மூட்டு மாத்திரை எழுதியே மூட்டுவலி! டைக்காரர் ஓடிப்போய் ஒரு முத்திரை செய்துகொண்டு வந்தார். மாத்திரையின் பெயர், காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின். டாக்டரின் நர்ஸம்மா கூட்டமில்லாத நேரத்தில் சீட்டுப் புத்தகம் முழுவதும், நோயாளி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு தாளின் தலையிலும் ஊதா மையில் அதைக் குத்தி வைத்துவிடுவார். மருந்து முதலில், நோயாளி பிறகு, நோய் கடைசியில். வேண்டாதவர்களுக்கு அடித்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடிப்பதற்கும் கை வலித்தது போலிருக்கிறது.

அப்படி அடிக்காமல் விட்டவர்களில் ஒருவர், அடுத்த தெருவிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் வலி உண்மைதான். நாற்பது வருஷம் படியேறிய கால். ஆனால் அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லியிருந்தார்கள். அதற்கான மாத்திரைகளை மாதாமாதம் அவள் கையால்தான் வாங்குவார். விமானப் பெட்டிக்குள்ளிருந்த பொடி எழுத்துத் தாளில், சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆறாவது வரியிலேயே இருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"சார், தபால்கார ஐயாவுக்குச் சிறுநீரகம் சரியில்ல. ரிப்போர்ட் இருக்கு. இந்த மாத்திரை அவருக்கு ஆகாது சார். உள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கு."

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. அவர் தலைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரத்தில், பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவே, அதே மாத்திரையின் பெயர்.

"நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"ரெண்டு வருஷம் சார்."

"நான் பத்து வருஷம்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தாளைப் படிக்க ரெண்டு நிமிஷம் போதுமே சார் என்ற பதில் அவளுக்குப் படியிறங்கும்போதுதான் தோன்றியது. அவமானப்பட்டவர்களுக்கு நல்ல பதில் எப்போதும் கடைசிப் படியில்தான் கிடைக்கிறது.

டாக்டரிடம் தோற்றவள் தபால்காரரிடம் முயன்றாள். உறையில் சூரியனையும் நிலாவையும் வரையாமல், பென்சிலால் 'வலி தாங்காவிட்டால் மட்டும்' என்று எழுதினாள். "ஐயா, தினமும் போடாதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னாள். முதலாளியின் காது பாம்புக் காது.

தபால்காரர் சிரித்தார். "அம்மாடி, விலாசம் எழுதிட்டா கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுதான் என் தொழில். சேர வேண்டிய இடம் வயிறுன்னு டாக்டர் மையில எழுதியிருக்காரு. நீ பென்சில்ல எழுதறே. பென்சில் விலாசத்துக்கு எங்க டிபார்ட்மெண்டு பொறுப்பில்ல."

அவளும் சிரித்துவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தாள்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. சுவரில் தொங்கிய தாளின் அர்த்தமே அதுதான். மாத்திரை எண்ணிக் கொடுக்க எந்த ஆளும் போதும், கூடாது என்று சொல்லத்தான் படித்த ஆள் வேண்டும். மாதாமாதம் அவர் வந்தார். மாதாமாதம் கொடுத்தாள். ஒன்பது மாதம். ஏழாவது மாதம் அவர் செருப்பு காலில் நுழையாமல் குதிகாலை வெளியே விட்டுக்கொண்டு வந்தார். பாதம் அப்படி வீங்கியிருந்தது. எட்டாவது மாதம் முகமும் ஊதியிருந்தது. ஒன்பதாவது மாதம் அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால்காரர் இறந்துபோனார்.

தெருவில் எல்லோரும் விதி முடிந்தது என்றார்கள். விதி என்பது மிகவும் வசதியான ஆள். கூப்பிட்டு விசாரிக்க முடியாது, கையெழுத்தும் போடாது. ஆனால் இங்கே கையெழுத்து இருந்தது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தபால்காரரின் மனைவி கடைக்கு வந்தார். கடை மூலையில் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. முதலாளி கல்லாவில். மாதக் கடைசியாதலால் டைக்காரரும் முக்காலியில் உட்கார்ந்து சீட்டுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இதுல ஆறு காப்பி எடுத்துக் கொடு. இறப்புப் பதிவு ஆபீஸு, பென்ஷன் ஆபீஸுன்னு ஆளுக்கு ஒண்ணு கேக்கிறாங்க" என்று அம்மாள் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். பிறகு சற்றுத் தயங்கினார். "இதுல மேல ஒரு மாத்திரை எழுதியிருக்காரே. இது எனக்கா?"

அவள் தாளைப் பார்த்தாள். டாக்டரின் சீட்டுப் புத்தகத்துத் தாள். இறப்பை உறுதி செய்ய வீட்டுக்குப் போனவர் கையோடு அதைத்தான் கொண்டுபோயிருக்கிறார். கீழே அவர் கையெழுத்தில், இன்னார், வயது எழுபத்தொன்று, இன்று காலை ஆறு நாற்பதுக்கு இறந்துவிட்டார் என்று இருந்தது. அதற்கு மேலே ஊதா மையில்: காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின்.

அவள் வாய் திறப்பதற்குள் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார். "உங்களுக்குத்தாம்மா! அலைச்சல்ல கைகால் வலிக்குமேன்னு டாக்டர் எழுதியிருக்காரு. தங்கமான மனுஷன்." சொல்லிக்கொண்டே கை அலமாரிக்குப் போய் விமானத்தில் மூன்று அட்டைகளை எடுத்தும்விட்டது.

டைக்காரரும் கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்தார். ஊதா முத்திரையைக் கண்டதும் அவர் பேனா நோட்டில் ஒரு கோடு போட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. பழகிய கை. அப்புறம்தான் கண் கீழே இறங்கி மற்ற வரிகளைப் படித்தது. முகம் சுண்டியது. ஆனால் போட்ட கோட்டை அவர் அடிக்கவில்லை.

அந்தக் கோட்டை அவள் பார்த்தாள். செத்தவனும் கணக்கில் சேர்ந்தான். பனிமலைக்கு இன்னும் ஒரு அடி.

"அட்டையைக் கீழ வைங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கீழ வைங்கன்னேன்!"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை முதலாளி கேட்டதில்லை. அட்டைகள் மேசையில் விழுந்தன.

"பெரியம்மா, இந்த மாத்திரை உங்களுக்கு இல்ல. ஐயாவுக்கு எழுதினது."

"அவருக்கா? அவருதான் போயிட்டாரே."

"போனப்புறம் எழுதியிருக்காங்க."

அம்மாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதியிருக்குன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்து போட்டுக்குவாரு" என்றார். அழவில்லை. சொல்லும்போது லேசாகச் சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளி அவள் பக்கம் வந்து கிசுகிசுத்தார். "மேல ஒரு துண்டுப் பேப்பரை வச்சு மறைச்சுக் காப்பி எடு. முத்திரை விழாது. எதுக்கு வம்பு?"

அவள் மறைக்கவில்லை. முழுத் தாளையும் கண்ணாடிமேல் வைத்து மூடினாள். அதற்குள் டைக்காரர் மாடிப்படியில் தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது. ஆறாவது நகல் வெளியே வருவதற்குள் நர்ஸம்மா கையில் இன்னொரு தாளுடன் இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே டைக்காரர்.

"பெரியம்மா, அதுல ஏதோ தப்பாயிடுச்சாம். டாக்டர் புதுசா எழுதிக் கொடுத்திருக்காரு. பழசைக் கொடுத்துடுங்க."

புதுத் தாள் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. அம்மாள் அவளைப் பார்த்தார். "மாத்திக் குடுக்கிறாங்களே, நல்லதுதானே கண்ணு?"

கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்திரை போய்விடும். வேலை இருக்கும், சுவரில் தாள் இருக்கும், மாடியும் கீழ்த்தளமும் பழையபடி ஒன்றுக்கொன்று சிரித்துக்கொள்ளலாம். கொடுக்காதீர்கள் என்று சொன்னாலோ, ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் தன்னையும் சொல்ல வேண்டும்.

"கொடுக்காதீங்க பெரியம்மா. இந்த மாத்திரை ஐயாவுக்கு ஆகாது. சிறுநீரகம் பழுதானவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு பெட்டிக்குள்ளயே எழுதியிருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் முன்கூட்டியே முத்திரை குத்தி வச்சிருந்தாங்க. அதை எண்ணித்தான் டாக்டருக்குக் கம்பெனி வெளிநாட்டுப் பயணம் கொடுக்குது. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நீதானே கொடுத்தே?"

"நான்தான் கொடுத்தேன். ஒன்பது மாசம்."

டைக்காரர் டையைத் தளர்த்தினார். "மேடம், ஏன் மேடம் இப்படி... எனக்கும் மேல ஆள் இருக்காங்க, எனக்கும் குடும்பம் இருக்கு."

"அந்த மனுஷனுக்கும் இருந்துச்சு. இதோ நிக்குது பாருங்க."

அம்மாள் மூலத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். நர்ஸம்மாவிடம் திரும்பினார். "இது எங்க வீட்டுக்கு வந்த கடிதாசு. வந்ததைத் திருப்பி அனுப்புற பழக்கம் எங்க வீட்டுக்காரருக்கு இல்ல." நகல்களில் ஒன்றை மட்டும் மேசைமேல் விட்டுவிட்டு ஐந்தை எடுத்துக்கொண்டார். அவளிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. போய்விட்டார்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" முதலாளி பொரிந்தார். "மேல இருக்கிறவர் நாளைக்கே வேற தெருவுக்குப் போனா இங்க யாரு வருவா? ஈதான் வரும்! ஊர்ல எவன் வாங்கல? நீ ஒருத்தி நிறுத்தினா நின்னுடுமா?"

"எல்லாரும் வாங்குறதால தப்பு சரியாயிடாது. ஊரே சேர்ந்து சொன்னாலும் ரெண்டும் ரெண்டும் அஞ்சாயிடுமா?" என்று சொல்லிக்கொண்டே முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். இருபத்திரண்டு வருஷத்து ஒட்டடை தலையில் விழுந்தது. சட்டம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

"ஐயோ, அது இல்லாட்டிக் கடையை மூடணுமேம்மா!"

"மூடுங்க."

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், மேசைமேல் சட்டத்தைப் பார்த்ததும் கதை முழுவதையும் கேட்டார். நல்ல காரியம் செய்தாய் என்று தட்டிக்கொடுப்பார் என எதிர்பார்த்தாள்.

"அளவுக்கு மேல ஆள் ஏறினா லிப்ட்ல மணி அடிக்கும், வண்டி நகராது. அந்த ஒயரைத் துண்டிச்சு விடுப்பான்னு கட்டட ஓனருங்க கேப்பாங்க. ரெண்டு இடத்துல அதனாலயே வேலை போச்சு, உனக்குத் தெரியும்" என்றார். "இத்தனை மாசமா நீ ஒயரைத் துண்டிச்சு வச்சிருந்திருக்கே."

அவளுக்குச் சுருக்கென்றது. "இதை இப்பவா சொல்லணும்?"

"வேற எப்பச் சொல்றது? எழுது. முதல் வரியிலயே அதை எழுது. டாக்டரைப் பத்தி மட்டும் எழுதினா, நீ மாட்டிக்காம இருக்க எழுதினேன்னு சொல்லுவாங்க."

எழுதினாள். இந்த மாத்திரையை ஒன்பது மாதம் கொடுத்தவள் நான் என்று தொடங்கினாள். இதனால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. விசாரித்துச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை என்று எழுதினாள். கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்ததற்கும், நோயாளியைப் பார்க்குமுன் மருந்து எழுதப்பட்டதற்கும், இறந்த பின்னும் எழுதப்பட்டதற்கும் ஆதாரம் இருக்கிறது, இதோ இணைத்திருக்கிறேன் என்று முடித்து, அம்மாள் மேசைமேல் விட்டுப்போன நகலையும் பொடி எழுத்துத் தாளையும் சேர்த்து வைத்து, பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மூன்று மேசை சுற்றிய பிறகு ஒரு குமாஸ்தா மனுவை வாங்கினார். படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உங்க பேரும் சேர்ந்து மாட்டுதேம்மா. உங்க பதிவையே ரத்து பண்ணிடுவாங்க."

அவள் துணிப்பையிலிருந்து சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "கொண்டுவந்திருக்கேன்."

"விட்டுட்டுப் போங்க. மேல அனுப்பிப் பார்ப்போம்."

"எதை நம்பி விட்டுட்டுப் போறது? வாங்கிக்கிட்டேன்னு இந்த மனு நகல்ல சீல் வச்சுக் கொடுங்க. நாளைக்கு அப்படியொரு மனுவே வரலம்பீங்க."

குமாஸ்தா முகத்தைச் சுளித்தார். இணைப்பைப் புரட்டினார். தபால்காரரின் தாளுக்கு வந்ததும் அவர் விரல், நகலில் கறுப்பாக விழுந்திருந்த முத்திரையின் மேல் நின்றது. பெயரை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது எங்க வீட்டம்மா சாப்பிடுற மாத்திரையாச்சே" என்றார். "வேற டாக்டரு. எங்க பக்கத்துல இருக்கிறவரு."

"வீட்டம்மாவுக்கு என்ன உடம்புக்கு?"

"இருமல்னுதான் போனா."

அவள் அவரையே பார்த்தாள். "எப்போ எழுதிக் கொடுத்தாரு?"

"போன மாசம்." குமாஸ்தா யோசித்தார். "கடைசி வாரம்."

பிறகு அவர் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் ஒற்றி, அவளுடைய நகலின் மேல் மேசை அதிர ஓங்கிக் குத்தினார்.